கார்ட்னரெல்லா வஜைனாலிஸ்

கார்ட்னரெல்லா வஜைனாலிஸ் என்பது மனிதரின் யோனியிலும் சிறுநீர்ப் பாதையின் கீழ்ப்பகுதியிலும் வாழும் கோலுருவ பாக்டீரியா இனமாகும். இது பிஃபிடோபாக்டீரியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் யோனிக் கோளாறான பாக்டீரிய வஜைனோசிஸ் நோயுடன் இதன் பெயர் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளது. அந்நோயுற்ற பெண்கள் ஏறத்தாழ அனைவரிடமும் இப்பாக்டீரியா உள்ளது. ஆனால் நோய் ஏதும் இல்லாத பெண்கள் பலரிடமும் இது உள்ளது. எனவே இது நோயை உண்டாக்கும் காரணியா, அல்லது நோயுற்ற சூழலில் பெருகும் உடனுறை உயிரியா என்னும் கேள்வி 1955 ஆம் ஆண்டு முதல் விவாதிக்கப்பட்டு வருகிறது. இது வகைப்பாட்டியலாளர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதுமா, துணைவருக்கும் கொடுக்க வேண்டுமா என்பவற்றுக்கான விடைகள் இதனையே சார்ந்துள்ளன.

கண்டுபிடிப்பும் பெயர் மாற்றங்களும்

1953 இல் சிட்னி லியோபோல்ட் என்னும் அமெரிக்கர், சுக்கிலச் சுரப்பி அழற்சி கொண்ட ஆண்களிடமிருந்தும் கருப்பை வாய் அழற்சி கொண்ட பெண்களிடமிருந்தும் அதுவரை விவரிக்கப்படாத ஒரு சிறிய கோலுருவ நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். இந்த பாக்டீரியா முதன்முதலில் பதிவானபோதே ஆண், பெண் இருபாலரிடமும் காணப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பின்னாளில் இது பெண்களுக்கு மட்டும் உரியது போலவே பேசப்படலாயிற்று.

1955 இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் பணியாற்றிய மகப்பேற்று மருத்துவர் ஹெர்மன் கார்ட்னர், நுண்ணுயிரியலாளர் சார்லஸ் டியூக்ஸ் ஆகியோர் இந்நுண்ணுயிரை ஒரு குறிப்பிட்ட நோயுடன் தொடர்புபடுத்தினர். அக்காலத்தில் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியோ காண்டிடா என்னும் பூஞ்சையோ காரணமாகத் தென்படாத யோனிக் கசிவுகள் அனைத்தும் 'குறிப்பிடப்படாத யோனியழற்சி' என்ற ஒரே தலைப்பில் அடக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் ஒரே நோய் எனவும், அதனை உண்டாக்குவது இந்த பாக்டீரியா எனவும் இருவரும் அறிவித்தனர். அவர்கள் அதற்கு ஹீமோபிலஸ் வஜைனாலிஸ் எனப் பெயரிட்டனர்.

இப்பெயர் நிலைக்கவில்லை. ஹீமோபிலஸ் பேரினத்தைச் சேர்ந்தவை வளர்வதற்கு இரத்தத்திலுள்ள ஹீமின், என்.ஏ.டி. ஆகிய இரு பொருட்கள் அல்லது அவற்றுள் ஒன்று தேவை. இதற்கோ இரண்டுமே தேவைப்படவில்லை. 1963 இல் சின்னமன், டர்னர் ஆகியோர் இதனை கோரினிபாக்டீரியம் பேரினத்துக்கு மாற்றினர். அங்கும் இது பொருந்தவில்லை. இறுதியில் 1980 இல் கிரீன்வுட், பிக்கெட் ஆகிய இருவரும் கார்ட்னரின் நினைவாகக் கார்ட்னரெல்லா என்னும் புதிய பேரினத்தை ஏற்படுத்தினர். அதே ஆண்டில் இதே முடிவுக்கு இட்டுச்சென்ற விரிவான வகைப்பாட்டு ஆய்வொன்றைப் பெல்ஜியத்தைச் சேர்ந்த பீட்டர் பியோவும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். 1976 இல் எபோலா தீநுண்மத்தைக் கண்டறிந்த குழுவில் இருந்தவரும், பின்னர் ஐக்கிய நாடுகள் அவையின் எய்ட்சுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

2019 வரை இப்பேரினத்தில் ஒரே ஓர் இனம் மட்டுமே ஏற்கப்பட்டிருந்தது. அவ்வாண்டில் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரியோ வனீக்கௌட் குழுவினர் முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு, ஒன்று எனக் கருதப்பட்டதனுள் குறைந்தது 13 இனங்கள் அடங்கியுள்ளன எனக் காட்டினர். அவற்றுள் மூன்றிற்கு கா. லியோபோல்டியை, கா. பியோட்டியை, கா. ஸ்விட்சின்ஸ்கியை எனப் பெயரிடப்பட்டது. முதலில் கண்டவரான லியோபோல்டின் பெயர் இந்த பாக்டீரியாவைச் சேர்வதற்கு 66 ஆண்டுகள் ஆயின. 2019 க்கு முற்பட்ட ஆய்வுகளில் 'கார்ட்னரெல்லா வஜைனாலிஸ்' என்று எழுதப்பட்டிருப்பது இவ்வினங்களுள் எதனையும் குறிக்கலாம் என்பதால், பழைய முடிவுகளைப் படிக்கும்போது இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஹியூஸ்டன் சோதனை

கார்ட்னரும் டியூக்சும் தம் கருத்தை நிறுவுவதற்கு நோயற்ற பெண்களின் யோனியில் நுண்ணுயிரைச் செலுத்திப் பார்த்தனர். ஆய்வகத்தில் தனியாக வளர்த்த பாக்டீரியா 13 பெண்களுக்குச் செலுத்தப்பட்டது. அவர்களுள் ஒருவருக்கு மட்டுமே நோய் தோன்றியது. நோயுற்ற பெண்களின் யோனிக் கசிவு அப்படியே எடுத்து 15 பெண்களுக்குச் செலுத்தப்பட்டபோது 11 பேருக்கு நோய் தோன்றியது. மருத்துவ ஆய்வு அறநெறிக்கான ஹெல்சிங்கி சாற்றுரை 1964 இல்தான் வெளிவந்தது. இன்று எந்த அறநெறிக் குழுவும் இத்தகைய சோதனைக்கு எளிதில் ஒப்புதல் தராது.

ஆயினும் அவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பின்வந்த விவாதம் முழுவதற்கும் வித்தாக அமைந்தது. ஒரு நுண்ணுயிரே நோயின் காரணி எனில், அதனைத் தனியே பிரித்து நலமானவருக்குச் செலுத்தும்போது அதே நோய் தோன்ற வேண்டும் என்பது இராபர்ட் கோக்கின் கொள்கை. 13 இல் ஒன்று என்பது அதற்குப் போதிய சான்று அன்று. 15 இல் 11 என்பதோ, கசிவில் கார்ட்னரெல்லாவுடன் வேறு ஏதோ சேர்ந்து கடத்தப்பட்டது என்பதையே உணர்த்துகிறது.

உருவமைப்பும் வளர்ப்பும்

இது ஏறத்தாழ 0.4 மைக்ரோமீட்டர் அகலமும் 1 முதல் 1.5 மைக்ரோமீட்டர் வரை நீளமும் உடையது. நகராது, வித்திகளை உருவாக்காது. ஆக்சிசன் இருந்தாலும் இல்லாவிடினும் வாழக்கூடியது. இதன் உயிரணுச்சுவர் அமைப்பில் கிராம்-நேர் வகையைச் சார்ந்தது. ஆனால் சுவரின் பெப்டிடோகிளைக்கன் படலம் மிக மெலிதாதலால் கிராம் சாயத்தைச் சில வேளை தக்கவைத்துக்கொள்ளும், சில வேளை இழந்துவிடும். பெயர் மாற்றங்களுக்கு இவ்விரட்டைத் தன்மையும் ஒரு காரணமாகும்.

மனித இரத்தம் சேர்த்த ஊடகத்தில் வளர்க்கும்போது இதன் குடியிருப்புகளைச் சுற்றிச் சிவப்பணுக்கள் சிதைந்து தெளிவான வளையம் உண்டாகும். ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் செம்மறியாட்டு இரத்த ஊடகத்தில் இவ்வளையம் தோன்றாது. இந்த பாக்டீரியா சுரக்கும் வஜைனோலைசின் என்னும் நச்சுப்புரதம், மனித உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள சி.டி.59 என்னும் மூலக்கூற்றைப் பற்றிக்கொண்டே துளையிடுகிறது என்பது இதற்கு விளக்கமாகும். எனவே மனிதரைத் தாக்கும் நச்சின் செயலை விலங்குகளில் முழுமையாக ஆராய்வது கடினம். இதனைத் தவிர, சளிப்படலத்தைச் சிதைக்கும் சியாலிடேசு நொதியும் சில வகைகளிடம் உள்ளது. எல்லாக் கார்ட்னரெல்லாக்களிடமும் இந்நொதி இல்லாததால், நோயற்றவரிடம் வாழ்பவையும் நோயுற்றவரிடம் வாழ்பவையும் வெவ்வேறு வகைகளாக இருக்கலாம் என்ற கருத்து எழுந்தது.

யோனியின் இயல்பான நுண்ணுயிர்ச் சூழல்

நோயைப் புரிந்துகொள்வதற்கு நலநிலையை முதலில் அறிய வேண்டும். 1892 இல் செர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், நலமான பெண்களின் யோனியில் அமிலம் சுரக்கும் கோலுருவ பாக்டீரியாக்கள் நிறைந்திருப்பதை விவரித்தார். இவை லாக்டோபசிலஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. பருவமடைந்த பின்னர் ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரின் தூண்டலால் யோனிச் சுவரின் உயிரணுக்களில் கிளைக்கோஜன் சேர்கிறது. அது சிதைந்து கிடைக்கும் சர்க்கரைகளை லாக்டோபசிலஸ்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இதனால் பி.எச். எனப்படும் காரகாடித்தன்மைச் சுட்டெண் 3.5 க்கும் 4.5 க்கும் இடையில் நிற்கிறது. பெரும்பாலான நோய்நுண்ணுயிர்களால் இவ்வமிலத்தில் தழைக்க இயலாது.

பிற உயிரிச் சூழல்கள் பலவற்றில் இனங்கள் பலவாக இருப்பது நலத்தின் அறிகுறியாகக் கொள்ளப்படும். யோனியில் இது தலைகீழானது. லாக்டோபசிலஸ் கிரிஸ்பேட்டஸ் போன்ற ஒரே இனம் ஆட்சி செலுத்துவதே இங்கு உறுதியான நிலை. எனினும் இதனையும் விதியாகக் கொள்ள இயலாது. 2011 இல் வட அமெரிக்காவில் 396 நலமான பெண்களிடம் ஜாக் ராவெல் குழுவினர் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் லாக்டோபசிலஸ் ஆட்சி காணப்படவில்லை. அவர்களுக்கு நோய்க்குறிகளும் இல்லை.

பாக்டீரிய வஜைனோசிஸ்

லாக்டோபசிலஸ்கள் குறைந்து, கார்ட்னரெல்லாவும் ஆக்சிசனை வெறுக்கும் பிற பாக்டீரியாக்களும் பன்மடங்காகப் பெருகும் நிலையே பாக்டீரிய வஜைனோசிஸ் ஆகும். வெண்மை அல்லது சாம்பல் நிறத்தில் நீர்த்த, சீரான கசிவும், மீன் நாற்றமும் இதன் குறிகள். புட்ரெசின், கடாவெரின், டிரைமெத்திலமீன் ஆகிய அமீன்களே நாற்றத்திற்குக் காரணம். விந்துநீர் காரத்தன்மையுடையதாதலால் உடலுறவுக்குப் பின் அமீன்கள் ஆவியாகி நாற்றம் மிகும். சிவத்தல், வீக்கம் போன்ற அழற்சிக் குறிகள் பொதுவாக இரா. இதனாலேயே 1980களில் 'யோனியழற்சி' என்னும் பெயர் கைவிடப்பட்டு 'வஜைனோசிஸ்' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது.

தமிழில் 'வெள்ளைப்படுதல்' என வழங்கும் சொல் இந்நோயை மட்டும் குறிப்பதன்று. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் இயல்பாகத் தோன்றும் தெளிந்த கசிவு, தயிர்த்திரள் போன்ற கசிவும் அரிப்பும் தரும் காண்டிடா தொற்று, நுரைத்த மஞ்சள்-பச்சைக் கசிவு தரும் டிரைக்கோமோனாஸ் தொற்று ஆகிய அனைத்தையும் அச்சொல் தழுவி நிற்கிறது. உடலின் சத்து வெளியேறுகிறது என்ற நம்பிக்கையும் தென்னாசியாவில் இதனுடன் சேர்ந்துகொள்வதுண்டு. இயல்பான கசிவுக்கு மருந்து தேடுவோரும், நோயை இயல்பெனக் கருதி மறைத்துவைப்போரும் இக்குழப்பத்தால் உருவாகின்றனர். தூய்மைக் குறைவே நோய்க்குக் காரணம் என எண்ணி யோனியின் உட்புறத்தை நீரோ மருந்துக் கரைசலோ கொண்டு கழுவும் பழக்கம் பல நாடுகளில் உள்ளது. இப்பழக்கமுடைய பெண்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது.

உலகின் வெவ்வேறு பகுதிகளில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் 23 முதல் 29 விழுக்காட்டினரிடம் இந்நிலை காணப்படுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 2001-2004 காலத்தில் நடந்த தேசிய அளவீட்டில் இது 29 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 84 விழுக்காட்டினர் தமக்கு எந்தக் குறியும் இல்லை என்றே கூறினர்.

இதன் விளைவுகள் நாற்றத்துடன் முடிவதில்லை. குறைமாதப் பிறப்பு, பிரசவத்திற்குப் பிந்தைய கருப்பைத் தொற்று, இடுப்புக்குழி அழற்சி ஆகியவற்றுடன் இந்நோய் தொடர்புடையது. எச்.ஐ.வி. தொற்றைப் பெறும் வாய்ப்பு இந்நோயுள்ள பெண்களுக்கு ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுதி என 2008 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. ஆயினும் தொடர்பு இருக்கும் இடமெல்லாம் மருந்து பயன்தரும் என்பதில்லை. குறைமாதப் பிறப்புக்கான பிற இடர்கள் இல்லாத கருவுற்ற பெண்களுக்கு கிளிண்டமைசின் கொடுத்துப் பிரான்சில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான பெரிய ஆய்வில், குறைமாதப் பிறப்பு குறையவில்லை.

நோயறிதல்

1983 இல் ரிச்சர்ட் ஆம்செல் குழுவினர் வகுத்த நான்கு அளவைகளுள் மூன்று பொருந்தினால் நோய் உறுதி செய்யப்படுகிறது. அவை நீர்த்த சீரான கசிவு, 4.5 ஐ விட மிகுந்த பி.எச்., கசிவில் 10 விழுக்காட்டுப் பொட்டாசியம் ஐதராக்சைடு சேர்த்ததும் எழும் மீன் நாற்றம், நுண்ணோக்கியில் தென்படும் தடய உயிரணுக்கள் என்பனவாகும். தடய உயிரணு என்பது பாக்டீரியாக்கள் அடர்ந்து ஒட்டியதால் விளிம்பு மங்கிப்போன யோனிச் சுவர் உயிரணு ஆகும். இதனை விவரித்தவர்களும் கார்ட்னர், டியூக்ஸ் ஆகியோரே. ஆய்வுகளில் 1991 இல் வெளியான நியூஜென்ட் மதிப்பெண் முறை பயன்படுகிறது. இதில் கிராம் சாயமேற்றிய பூச்சைக் கண்டு 0 முதல் 10 வரை மதிப்பிடுவர். 7 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் எனக் கொள்ளப்படும். கார்ட்னரெல்லாவை மட்டும் வளர்த்துக் காட்டும் சோதனை நோயறிதலுக்கு உதவாது. நலமான பெண்களிடமும் அது வளரும்.

காரணியா, உடனுறை உயிரியா

1978 இல் சியாட்டில் ஆய்வாளர்கள் மெட்ரோனிடசோல் இந்நோயை நன்கு குணப்படுத்துவதைக் காட்டியபோது கார்ட்னரெல்லாவின் மீதான குற்றச்சாட்டு வலுவிழந்தது. மெட்ரோனிடசோல் ஆக்சிசனை வெறுக்கும் பாக்டீரியாக்களுக்கு எதிரான மருந்து. கார்ட்னரெல்லாவின் மீது அதன் வலிமை குறைவு. ஆகவே பிரெவோட்டெல்லா, மொபிலன்கஸ் முதலியவையே முதன்மைக் குற்றவாளிகள் எனப் பலர் கருதினர். ஆய்வகத்தில் வளர்க்க இயலாத பாக்டீரியாக்களை மரபணு முறையில் 2005 இல் டேவிட் பிரெட்ரிக்ஸ் குழுவினர் கண்டறிந்தபோது பட்டியல் மேலும் நீண்டது.

அதே 2005 இல் பெர்லின் நகரின் ஷாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்விட்சின்ஸ்கி குழுவினர், கசிவை விட்டுவிட்டு யோனிச் சுவரின் திசுவையே எடுத்து ஆராய்ந்தனர். நோயுற்றவர்களின் சுவர்மேல் பாக்டீரியாக்கள் கம்பளம் போல் அடர்ந்த உயிர்ப்படலமாகப் படிந்திருந்தன. அப்படலத்தின் பெரும்பகுதி கார்ட்னரெல்லாவாகும். அதனுடன் அன்று அட்டோபோபியம் வஜைனே எனவும் இன்று பனிஹெசியா வஜைனே எனவும் வழங்கும் பாக்டீரியாவும் கலந்திருந்தது. கார்ட்னரெல்லா முதலில் ஒட்டி அடித்தளம் இடுகிறது, பிறவை அதன்மேல் குடியேறுகின்றன என்னும் கருத்து இதிலிருந்து வளர்ந்தது. இதன்படி அது தனித்துச் செயல்படும் காரணியும் அன்று, வெறும் உடனுறை உயிரியும் அன்று. ஹியூஸ்டனில் தனி வளர்ப்பு தோற்றதும் முழுக் கசிவு வென்றதும் இக்கருத்துக்கு இசைவாகவே உள்ளன.

சிறுநீர்ப் பாதையில்

சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளுள் பெரும்பாலானவற்றை உண்டாக்குவது எஷரிக்கியா கோலை. கார்ட்னரெல்லா நேரடியாக உண்டாக்கும் தொற்றுகள் அரிதாகவே பதிவாகின்றன. இவ்வரிதன்மையின் ஒரு பகுதி தேடும் முறையால் விளைந்தது. வழக்கமான சிறுநீர் வளர்ப்புச் சோதனையில் காற்றுள்ள சூழலில் ஓரிரவு மட்டுமே மாதிரி வைக்கப்படும். கார்ட்னரெல்லா அதற்குள் புலப்படும் அளவுக்கு வளராது. இரத்த வளர்ப்புக் குப்பிகளில் உறைவைத் தடுக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருளும் இதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. சிகாகோவின் லயோலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் கூடுதல் அளவு சிறுநீரை வெவ்வேறு சூழல்களில் நீண்ட நேரம் வளர்த்துப் பார்த்தபோது, நுண்ணுயிரற்றது எனக் கருதப்பட்ட சிறுநீர்ப்பையில் லாக்டோபசிலஸ், கார்ட்னரெல்லா உள்ளிட்டவை வாழ்வது தெரியவந்தது.

இதனைவிட வியப்பான பங்கு ஒன்றை செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நிக்கோல் கில்பர்ட், அமாண்டா லூயிஸ் ஆகியோர் 2017 இல் வெளியிட்டனர். எஷரிக்கியா கோலை தொற்றிலிருந்து மீண்ட சுண்டெலிகளின் சிறுநீர்ப்பைச் சுவருக்குள் அப்பாக்டீரியா உறங்குநிலையில் தங்கியிருக்கும். அச்சிறுநீர்ப்பையில் கார்ட்னரெல்லாவைச் செலுத்தியபோது சுவரின் மேற்புற உயிரணுக்கள் உதிர்ந்தன. உறங்கிய எஷரிக்கியா கோலை வெளிப்பட்டு மீண்டும் தொற்றை உண்டாக்கியது. அதற்குள் கார்ட்னரெல்லா சிறுநீருடன் வெளியேறிவிட்டிருக்கும். சோதனைக்கு எடுக்கும் சிறுநீரில் எஷரிக்கியா கோலை மட்டுமே கிடைக்கும். பாக்டீரிய வஜைனோசிஸ் உள்ள பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஏன் மிகுதியாக வருகிறது என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம். எனினும் இது சுண்டெலியில் கண்டது. மனிதரில் உறுதி செய்யப்பட்டதன்று.

மருத்துவமும் மீள்வருகையும்

மெட்ரோனிடசோல் 500 மி.கி. நாளொன்றுக்கு இருமுறை 7 நாட்கள் உட்கொள்ளுதல், அல்லது மெட்ரோனிடசோல் களிம்போ 2 விழுக்காட்டு கிளிண்டமைசின் பூச்சோ யோனியில் இடுதல் வழக்கமான மருத்துவமாகும். குறிகள் பெரும்பாலோருக்கு விரைவில் நீங்கும். ஆனால் 2006 இல் மெல்போர்னில் இருந்து வெளியான ஆய்வில், மெட்ரோனிடசோல் உண்டு குணமான பெண்களில் 58 விழுக்காட்டினருக்கு 12 மாதங்களுக்குள் நோய் திரும்பியது. மருந்து உண்ணும்போது உயிர்ப்படலம் செயலிழந்தாலும் முற்றிலும் அகல்வதில்லை என்பதனை ஸ்விட்சின்ஸ்கி குழுவினர் 2008 இல் காட்டினர்.

மருந்தால் வெறுமையான இடத்தில் லாக்டோபசிலஸை நட்டுவைக்கும் முயற்சியும் உண்டு. லா. கிரிஸ்பேட்டஸ் கொண்ட தூளை மெட்ரோனிடசோலுக்குப் பின் 228 பெண்களிடம் சோதித்து 2020 இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரங்களுக்குள் நோய் திரும்பியோர் தூள் பெற்றவர்களில் 30 விழுக்காடு, பெறாதவர்களில் 45 விழுக்காடு.

துணைவரின் பங்கு நெடுங்காலம் தீர்க்கப்படாமல் இருந்தது. நோயுற்ற பெண்களின் ஆண் துணைவருடைய சிறுநீர்வடிகுழாயில் இந்த பாக்டீரியா காணப்படுவது 1955 முதலே அறியப்பட்டிருந்தது. பெண்களுடன் உறவுகொள்ளும் பெண்களில் இருவருக்கும் இந்நோய் சேர்ந்தே காணப்படுவதும் பின்னர் தெரியவந்தது. ஆயினும் 1980, 1990களில் ஆண்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்து நடத்திய சோதனைகளில் பயன் தென்படவில்லை. எனவே துணைவருக்கு மருத்துவம் தேவையில்லை என வழிகாட்டு நூல்கள் கூறிவந்தன. ஒவ்வொரு மீள்வருகையும் பெண்ணின் உடலுக்கோ பழக்கத்துக்கோ உரிய குறையாகவே கணக்கிடப்பட்டது. கார்ட்னரெல்லா ஆண்குறியின் தோலிலும் முன்தோலின் அடியிலும் தங்கக்கூடியது என்பதும், மாத்திரை அங்கு போதிய அளவு சென்றடையாது என்பதும் அச்சோதனைகளில் கருத்திற்கொள்ளப்படவில்லை.

ஆஸ்திரேலியாவில் லென்கா வோட்ஸ்ட்ரில், கத்ரியோனா பிராட்ஷா ஆகியோரின் குழு 164 இணையரிடம் நடத்திய சோதனை 2025 மார்ச்சில் வெளியானது. ஒரு பிரிவில் பெண்ணுக்கு மட்டும் வழக்கமான மருந்து தரப்பட்டது. மற்றொரு பிரிவில் ஆணுக்கும் 7 நாட்கள் மெட்ரோனிடசோல் மாத்திரையும், ஆண்குறியின் தோலில் இட 2 விழுக்காட்டு கிளிண்டமைசின் பூச்சும் தரப்பட்டன. 12 வாரங்களுக்குள் முதற்பிரிவில் 63 விழுக்காட்டுப் பெண்களுக்கும் இரண்டாம் பிரிவில் 35 விழுக்காட்டுப் பெண்களுக்கும் நோய் திரும்பியது. பெண்ணுக்கு மட்டும் மருந்தளிப்பது தெளிவாகத் தாழ்ந்த மருத்துவம் எனக் கண்டதால், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே சோதனை நிறுத்தப்பட்டது.